இரண்டு விரற்கடை மேலே

— வெட்ட விடேலாது எண்டால் விடேலாது, லாசரண்ணை. நாலு மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தத் தாளிலை 'வேண்டாம்' எண்டு எழுதிக் குடுக்கிறம், பெடியனை எடுக்கிறம், எரிக்கிறம். இதிலை இருந்து கதைக்க ஒண்டுமில்லை.

— தவசீலன் தம்பி, நான் உம்மைக் கேக்கேல்லை. செத்தது இந்தப் பிள்ளையின்ரை தம்பி. தாளும் இந்தப் பிள்ளையின்ரை பையுக்குள்ளைதான் கிடக்குது. சிவரஞ்சினி, நீர் சொல்லும்.

— நான் என்னத்தைச் சொல்ல, லாசரண்ணை? முந்தநாள் விடியக் கலைமாறன் செத்தவன். இன்னும் முப்பது வயது முடியேல்லை. வயித்துக்குத்து எண்டு போனவன். ஏன் செத்தவன் எண்டு கேட்டால் பெரிய டொக்டர் கையை விரிக்கிறார். வயித்துக்குள்ளை என்னவோ வெடிச்சிருக்காம், எது எண்டு திறந்து பாத்தால்தான் சொல்லலாமாம்.

— திறக்கிறதுக்கு அவன் என்ன அலுமாரியோ?

— இஞ்சருங்கோ, கத்தாதையுங்கோ. பக்கத்து மேசையாக்கள் திரும்பிப் பாக்கினம்.

— பாக்கட்டும், ரஞ்சி. இந்த லாச்சப்பல் தெருவிலை ஆருக்குத் தெரியாது எங்கடை வீட்டு இழவு? காலமை மரக்கறிக் கடைக்காரன் முருங்கைக்காயை நிறுத்துக்கொண்டே கேக்கிறான், உங்கடை பெடியனை வெட்டப் போறாங்களாமே எண்டு.

— ரெண்டு பேரும் முதலிலை ரீயைக் குடியுங்கோ, ஆறுது. நான் சண்டை தீர்க்க வரேல்லை. தாளை வாசிச்சுத் தமிழிலை சொல்லத்தான் வந்தனான். இருபது வருசமா எங்கடை சனத்தோடை ஆஸ்பத்திரி, விசா குடுக்கிற பிரிபெக்சர், கோர்ட் எண்டு ஏறி இறங்கிறன். ஒரு தாளையும் வாசிக்காமல் ஒப்பம் வைக்க விட்டதில்லை.

— லாசரண்ணை, நீங்கள் சாமியாருக்குப் படிச்சனீங்கள்தானே. உங்கடை வேதத்திலை வெட்ட விடுவினமோ?

— அரைவாசி படிச்சனான், பிள்ளை. மிச்சத்தை இஞ்சை வந்து நிலம் கூட்டிக் கூட்டிப் படிச்சன். நீர் கேட்டபடியால் சொல்லுறன். இதே பாரிஸ் பட்டினத்திலை ஒரு சாமியார் இருந்தவர். இப்ப முந்நூற்றெழுபது வருசம் வரும். தன்ரை உடம்பைத் தானே வெட்டிப் பாக்கச் சொல்லிப்போட்டுச் செத்தவர்.

— துவங்கியாச்சு. ரஞ்சி, இனி நாலு மணி இந்தக் கதிரையிலைதான்.

— நீங்கள் சும்மா இருங்கோ. சொல்லுங்கோ அண்ணை, தன்னையே வெட்டச் சொன்னவரோ?

— ஓம். பேர் சொன்னால் உமக்கு வாயிலை நிக்காது. மேற்குப் பக்கம் ஒரு சின்ன ஊர், வயல் செய்யிற கமக்காரன்ரை பிள்ளை. கெட்டிக்காரன் எண்டு சாமிமாற்றை பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிச்சினம். படிச்சு முடிச்சு, இருக்கிற சபையளுக்குள்ளை ஆகக் கடுமையானதாப் பாத்துச் சேர்ந்தார். மச்ச மாமிசம் இல்லை, முட்டை இல்லை, பால் இல்லை, பாலிலை செய்த ஒண்டும் இல்லை. வருசம் முழுக்க, சாகுமட்டும்.

— எங்கடை கந்தசட்டிக்காரர் ஆறு நாளுக்கே மயங்கி விழுகினம்.

— பகிடி விடும் தம்பி, விடும். மடம் பஸ்தீய் பக்கம் இருந்தது. இப்ப மடம் இல்லை, ஒரு தெருவுக்கு அந்தச் சபையின்ரை பேர் மட்டும் கிடக்கு. அந்தத் தெருவிலை ஒரு கந்தோரை எட்டு வருசம் கூட்டித் துடைச்சனான். தெருப் பேரைப் பாத்து, ஆர் இவை எண்டு தேடப் போய்த்தான் இந்த மனிசனைப் பிடிச்சது.

— கூட்டப் போன இடத்திலை தெருப் பேர் வாசிச்சுக்கொண்டு நிண்டிருக்கிறார். அதுதான் எட்டு வருசத்தோடை நிப்பாட்டிப்போட்டாங்கள்.

— அண்ணை, அவர் கிடக்கட்டும். சாமியார் என்ன செய்தவர்?

— கேள்வி கேட்டவர், பிள்ளை. அதுதான் அந்த மனிசனைப் பிடிச்ச வருத்தம். ஒரு சின்ன அறை, ஒரு மேசை. ஐரோப்பாவிலை இருந்த படிச்ச ஆக்கள் எல்லாருக்கும் காயிதம் எழுதுவார். ஒருத்தர் எழுதினதை மற்றவருக்கு அனுப்பி, இவர் இப்பிடிச் சொல்லுறார், நீர் என்ன சொல்லுறீர் எண்டு கேப்பார். நேரிலை முகம் பாக்காத ஆக்கள் இவரின்ரை மேசையிலை சண்டை பிடிப்பினம். செத்த பிறகு அறையைத் திறந்தால், எழுபத்தெட்டுப் பேரின்ரை காயிதங்கள் இருந்ததாம்.

— எழுபத்தெட்டுப் பேருக்கும் மறுமொழி போட்டவரோ?

— போட்டவர். கையெழுத்துத்தான் கோழி கிளறின மாதிரி. வாங்கினவை திட்டித் திட்டி வாசிச்சினம்.

— பூசை எப்ப வைச்சவராம்?

— அதுவும் வைச்சவர், தம்பி. இவர் நம்பிக்கை கெட்ட ஆள் இல்லை. இளந்தாரி வயதிலை, பாரிஸிலை மட்டும் கடவுள் இல்லையெண்டுற ஆக்கள் ஐம்பதினாயிரம் பேர் எண்டு கணக்குச் சொல்லிக் கொதிச்சவர். வயது போகக் கொதி ஆறிட்டுது. வாயாலை அடிபடுறதை விட்டிட்டு அளந்து பாப்பம் எண்டு வெளிக்கிட்டார். நரம்பை இழுத்துக் கட்டி மீட்டி, நீளத்தைக் குறைச்சால் சுருதி எவ்வளவு ஏறுது எண்டு பாத்தார். தூரத்திலை ஒருத்தனை நிப்பாட்டித் துவக்காலை சுடச் சொல்லி, நெருப்பைக் கண்டதிலையிருந்து சத்தம் வந்து சேருமட்டும் ஊசலை ஆட்டி எண்ணினார்.

— அதுக்கு எங்கடை கலைமாறனைக் கேட்டிருக்கலாம், அண்ணை. ஆமி செல் குத்துற சத்தம் கேட்டால் எத்தினை எண்ணுமட்டும் நேரம் இருக்கு, எத்தினையிலை பங்கருக்குள்ளை விழவேணும் எண்டு அவன் சொல்லுவான். ஏழு வருசத்துக்கு முந்தி மாத்தளனிலை பால்குடி மறக்காத பிள்ளையளும் எண்ணினதுகள்.

— ஓம் பிள்ளை. தெரியும்.

— அவன் இஞ்சை வந்தும் எண்ணுறவன். கோப்பை கழுவுற இடத்திலை தட்டு விழுந்து உடைஞ்சால், வாய்க்குள்ளை ஒண்டு, ரெண்டு, மூண்டு. முதலாளிக்கு அது பகிடி.

— ரஞ்சி, கண்ணைத் துடையும். லாசரண்ணை, உங்கடை கதையை நிப்பாட்டுங்கோ. மூண்டரை ஆகப்போகுது.

— சரி. தாளைத் தாரும் பிள்ளை, வாசிப்பம்.

— ரஞ்சி, அதைக் குடுக்காதையும்.

— வாசிக்காமல் எப்பிடி 'வேண்டாம்' எண்டு எழுதுறது? இந்தாங்கோ அண்ணை. நேற்றுத் தந்தவை.

— கண்ணாடி எங்கை... ம். 'இறப்பின் காரணத்தை அறியும் பொருட்டு, உடலைத் திறந்து ஆராய்ந்து, பின்னர் தைத்துக் குடும்பத்தாரிடம் ஒப்படைப்போம்.' பாத்தீரே, தைச்சுத் தருவினம். முகத்திலை கை வைக்கிறதைப் பற்றி ஒண்டுமில்லை. முல்லைத்தீவிலை தாய் ஸ்கைப்பிலை பாத்தாலும் வித்தியாசம் தெரியாது. 'ஒப்பமிடுபவர்: இறந்தவரின் மனைவி.' இதென்ன, மனைவி எண்டு கிடக்கு? ஆரோ பிழையா அடிச்சுப்போட்டினம். 'இறந்தவரின் பெயர்'... தம்பி.

— மெதுவா, லாசரண்ணை.

— தம்பி, இது உம்மடை பேரெல்லோ? பிறந்தது எழுபத்தாறு. உம்மடை கூசேன்வில் வீட்டு விலாசம். என்ரை சேசுவே. முன்னாலை இருந்து றோல்ஸ் தின்னுற மனிசனை இவை ஆஸ்பத்திரிக் குளிர்ப்பெட்டிக்குள்ளை வைச்சிருக்கினம்!

— நான் சொல்லுறன், அண்ணை. அவனுக்கு ரெண்டு தரம் அகதிக் கேஸ் நிராகரிச்சது உங்களுக்குத் தெரியும், நீங்கள்தானே எழுதினது. விசா இல்லை. வைத்திய உதவிக்குப் போட்டது மறுமொழி வரேல்லை. ஞாயிற்றுக்கிழமை வயித்தைப் பிடிச்சுக்கொண்டு நாய்க்குட்டி மாதிரிச் சுருண்டு கிடந்தான். ஆஸ்பத்திரிக்கு வா எண்டால் வரான், பொலிசிலை குடுத்திடுவாங்களாம். அதுதான் இவரின்ரை ஆஸ்பத்திரிக் கார்ட்டைக் குடுத்துக் கூட்டிக்கொண்டு போனன். அவன் தவசீலன், நான் மனிசி எண்டு.

— கார்ட்டிலை படம் இருக்கே. முகம் ஒத்து வந்ததோ?

— கலியாணத்துக்கு முந்தியே நானும் அவனும் சொந்த மச்சான்மார், லாசரண்ணை, ஒரு சாடை இருக்கு. மிச்சத்துக்குத் தாடி. அவைக்கு எங்கடை ஆக்கள் எல்லாருக்கும் ஒரே முகம்தானே.

— இவர் ரெண்டு மணித்தியாலம் படிப்பிச்சு விட்டவர், அண்ணை. பிறந்த திகதி, தாய் பேர், எந்த வருசம் பிரான்சுக்கு வந்தது, ருவாசி விமான நிலையத்திலை என்ன வேலை, என்ன குளிசை போடுறது. கேக்கிறதுக்கெல்லாம் கார்ட்டிலை இருக்கிற ஆளாய்த்தான் மறுமொழி வரவேணும், தடக்குப்பட்டால் பிடிச்சிடுவாங்கள் எண்டு. அவன் முனகி முனகிப் பாடமாக்கினவன். அவனுக்குப் பிரெஞ்சு ஓடாது எண்டு நானும் பாடமாக்கினன்.

— பிள்ளை, உயிர் போற நோவோடை வாறவனை இஞ்சை கார்ட் இல்லையெண்டு திருப்பி அனுப்புறதில்லை. பேர் தெரியாமல் றோட்டிலை கிடந்தவனையும் பாப்பாங்கள். பொலிசிலையும் குடுக்கிறதில்லை. என்னை ஒருக்காக் கேட்டிருக்கலாமே.

— இப்ப சொல்லுங்கோ.

— சரி, நான் வாயை மூடுறன். பிறகு?

— பிறகென்ன, ஒரு பெட்டை டொக்டர் வந்து அமத்திப் பாத்து, ரத்தம் எடுத்து, நோக்குளிசை தந்து அனுப்பிச்சுது. அடுத்த நாள் நோ குறைஞ்சிட்டுது அக்கா எண்டு சிரிச்சவன். செவ்வாய்க்கிழமை காய்ச்சல் நெருப்பாக் கொதிச்சு, என்னையே ஆரெண்டு கேட்டான். அம்புலன்சிலை போனான். விடியச் சொல்லிச்சினம்.

— இதிலை ஆரையும் குற்றம் சொல்லேலாது, லாசரண்ணை. டொக்டர்மாருக்கே பிடிபடேல்லை. அவன்ரை காலம் அவ்வளவுதான். அதைக் கிண்டி என்ன காணப்போறம்?

— பாத்தீங்களே அண்ணை, இந்தக் கதையைத்தான் ரெண்டு நாளா ஓதுறார். அவன்ரை காலமாம். இவருக்குத் தன்ரை பேரிலை பயம். திறந்தால் செல் துண்டு வெளியிலை வரும். வயித்திலை ரெண்டு, இடுப்பிலை ஒண்டு இன்னும் கிடக்கு. தொண்ணூற்றொன்பதிலை பிரான்சுக்கு வந்த மனிசன்ரை வயித்திலை ரெண்டாயிரத்தொன்பதாம் ஆண்டுச் செல் துண்டு எப்பிடி வந்தது எண்டு கேப்பாங்கள். பிறகு விமான நிலையத்து வேலை அட்டையைப் பறிப்பாங்கள்.

— ஓம், பயம்தான். பதினேழு வருசம் குனிஞ்சு குனிஞ்சு பெட்டி தூக்கினவனுக்குப் பயம் இருக்காதோ?

— அதுக்கு என்ரை தம்பி உங்கடை பேரிலை எரியிறதோ? சாம்பல் சட்டியிலை தவசீலன் எண்டு ஒட்டித் தருவாங்கள். அம்மாட்டை என்ன சொல்லுறது? மருமகன் செத்திட்டார், மகன் சுகமா இருக்கிறான் எண்டோ?

— பிள்ளை, சத்தத்தைக் குறையும். கடைக்காரன் ரேடியோவை நிப்பாட்டிப்போட்டுக் கேக்கிறான்.

— லாசரண்ணை, அந்தச் சாமியார் என்னெண்டு செத்தவர்?

— வேண்டாம், இப்ப அது வேண்டாம்.

— சொல்லுங்கோ அண்ணை. நான் கேக்கிறன்.

— நல்ல வெக்கைக் காலம், பிள்ளை. அறுபது வயதுக்குக் கிட்ட. ஒரு சிநேகிதரைப் பாக்கப் போனவர், குளிர்ந்த தண்ணியைக் குடிச்சிட்டு வந்து குலைப்பன் காய்ச்சலோடை படுத்தவர். விலாவிலை நோ. வைத்தியர்மார் வந்து, நெஞ்சுச் சவ்விலை வீக்கம் எண்டு முடிவுகட்டி ரத்தத்தை எடுத்தினம். திரும்பவும் எடுத்தினம். அந்தக் காலத்து வைத்தியம் அது. பிறகு, சீழ் கட்டியிருக்கு எண்டு விலாவைக் கீறினம். ஒண்டும் வரேல்லை. ஒரு மாதத்துக்கு மேலை கிடந்து, சிநேகிதமான இன்னொரு சாமியாரின்ரை கையிலை உயிர் விட்டார். ஆனால் முந்தியே சொல்லிப்போட்டார், நான் போன பிறகு என்னைத் திறந்து, எது பிழைச்சது எண்டு பாருங்கோ எண்டு.

— பாத்தவையோ?

— பாத்தவை. சீழ் இருந்ததுதான். கீறின இடத்துக்கு ரெண்டு விரற்கடை மேலை.

— ரெண்டு விரற்கடை.

— ஓம். கத்தி அவ்வளவு தள்ளிப் போயிருந்தால் ஆள் தப்பியிருக்கவும் கூடும்.

— கீறினவன்?

— என்ன தம்பி?

— கத்தி பிடிச்சவனைக் கேக்கிறன், லாசரண்ணை. திறந்து பாக்கேக்கை அவனும் பக்கத்திலை நிண்டிருப்பான்தானே. அதுக்குப் பிறகு அவன் சாப்பிட்டவனோ? நித்திரை கொண்டவனோ? உங்கடை புத்தகத்திலை அது இருக்கோ?

— இல்லை. அவன்ரை பேரைக்கூட நான் காணேல்லை.

— சாமி செத்திட்டார், அவருக்கென்ன? தெரிஞ்சுகொண்டு மிச்ச நாளைக் கழிக்கிறது மற்றவன்.

— அடுத்த நோயாளியை அவன் சரியான இடத்திலை கீறுவானெல்லோ, தம்பி?

— கீறுவான். இன்னொருக்காக் கத்தியைத் தொட மனம் வந்தால்.

— உங்கள் ரெண்டு பேரின்ரை தர்க்கமும் எனக்கு வேண்டாம். நான் அறியவேணும். அண்ணை, அவன் பொக்கணையிலையிருந்து வட்டுவாகல் மட்டும் செத்த சனத்தைத் தாண்டித் தாண்டி வந்தவன். அங்கை ஆர் ஏன் செத்தது எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. இஞ்சை ஒரு டொக்டர் தானா வந்து, ஏன் எண்டு பாக்கட்டோ எண்டு கேக்கிறார். அதுக்கும் நான் வேண்டாம் எண்டு எழுதிக் குடுக்கிறதோ?

— ரஞ்சி, ஒருக்காக் கேளும். பதினொரு வருசத்திலை உம்மை நான் கெஞ்சினதில்லை. இப்ப கெஞ்சுறன்.

— பேனையைத் தாங்கோ, லாசரண்ணை.

— இந்தாரும். 'மனைவி' எண்டதை வெட்டிப்போட்டுச் 'சகோதரி' எண்டு எழுதும். மேலை அவன்ரை பேரை முழுசா எழுதும். இப்பிடி எழுதினால் பிறகு மறைக்கேலாது, பிள்ளை. யோசிச்சுத்தானே?

— யோசிச்சிட்டன். கலைமாறன். சகோதரி. என்ரை ஒப்பம். எழுதியாச்சு. இஞ்சருங்கோ, இனி உங்கடை பேர் உங்களுக்கு. ஓடுறதெண்டால் இப்பவே ஓடுங்கோ.

— அவன்ரை பேரை நான் காலமையே குடுத்திட்டன்.

— என்ன?

— நீர் முழுகேக்கை வெளிக்கிட்டனான். ஆஸ்பத்திரிக் கந்தோரிலை உண்மையைச் சொன்னன். அவை பொலிசுக்குப் போன் அடிச்சினம், வந்து எழுதி எடுத்தாங்கள். திங்கக்கிழமை திரும்பப் போகவேணும். அட்டை எத்தினை நாளைக்கு எண்டு தெரியாது.

— ஏன் எனக்குச் சொல்லேல்லை?

— என்னெண்டு சொல்ல? அவன் எங்கடை பெடியன். என்ரை பேரிலை எரிய விடுவன் எண்டோ நினைச்சனீர்?

— அப்ப வெட்டவேண்டாம், வெட்டவேண்டாம் எண்டு ரெண்டு நாளா ஏன் குழறினீங்கள்? பேருக்கு இல்லையெண்டால் வேறை என்னத்துக்கு?

— சும்மா. பெடியனை முழுசா அனுப்புவம் எண்டு. விடும்.

— நல்ல காரியம் செய்தீர், தம்பி. உம்மைப் பற்றி நான் பிழையா நினைச்சிட்டன். சரி, எல்லாத் தாளையும் ஒண்டாக் குத்துவம். பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை வீட்டை அனுப்பேக்கை ஒரு தாள் தந்திருப்பினமே?

— அது குப்பை, லாசரண்ணை. அதை விடுங்கோ.

— குப்பை இல்லை, தம்பி. திறக்கிறவர், முதல் பாத்தவ என்ன எழுதினவ எண்டு பாக்கவேணும். தாரும் பிள்ளை.

— இந்தாங்கோ. இவர் இதை, அவன் செத்த அண்டைக்கு ராவு வாசிச்சுப்போட்டுக் கட்டிலுக்குக் கீழை போட்டவர். நான்தான் எடுத்து வைச்சன்.

— ம். 'வலப்பக்க அடிவயிற்றில் நோ. காய்ச்சல். அதே பக்கத்தில் பழைய தழும்பு. குடல்வால் முன்பே அகற்றப்பட்டது.' அதுதானே பாத்தன். குடல்வால் இல்லையெண்டு நினைச்சு அந்தப் பக்கத்தை விட்டிட்டினம். ஸ்கேனும் எடுக்கேல்லை. கலைமாறனுக்குக் குடல்வால் எடுத்ததோ?

— அவனுக்கு எடுக்கேல்லை, அண்ணை. இவருக்குத்தான் எடுத்தது.

— அப்ப தவசீலன் தம்பியின்ரை பழைய ஃபைலிலை கிடந்ததை எடுத்து எழுதியிருக்கினம். தம்பி, எந்த ஆஸ்பத்திரியிலை உமக்கு எடுத்தது? இதிலை குறிச்சு விடுவம்.

— விடுங்கோ.

— வருசத்தையாவது சொல்லும்.

— விடுங்கோ எண்டுறனெல்லோ!

— யாழ்ப்பாணத்திலை எடுத்தது, அண்ணை. தொண்ணூற்றேழிலை, பெரியாஸ்பத்திரியிலை. பிரான்சுக்கு வர முந்தி. இஞ்சத்தைய ஃபைல் ஒண்டிலையும் அது இருக்காது.

— இருக்காதோ? அப்ப அந்த டொக்டருக்கு இதை ஆர் சொன்னது?

— ரஞ்சி, எழும்பும். வாரும், வீட்டை போவம்.

— நான், லாசரண்ணை. அந்த டொக்டர் பெட்டை அவன்ரை செல் தழும்பிலை விரலை வைச்சு, இது குடல்வால் எடுத்த இடமோ எண்டு என்னைப் பாத்துக் கேட்டது. இவருக்கு எடுத்தது எனக்கு டக்கெண்டு ஞாபகம் வந்திட்டுது. ஓம் எண்டு சொல்லிப்போட்டு, கார்ட்டுக்குச் சரியா மறுமொழி சொல்லிட்டன் எண்டு நான் சந்தோசப்பட்டனான்.